தின்று தீர்க்கும் கெளுத்தி: அளவைக் குறைப்பதா, ஆளைப் பிரிப்பதா?

என் தொட்டியில் ஒரு ரஃபேல் கெளுத்தி இருக்கிறது. கறுத்த உடம்பில் பால்வெள்ளைக் கோடுகள், பக்கவாட்டில் வரிசையாக முள், 15 சென்டிமீட்டர் நீளம். வீட்டில் அதைப் பெரியவன் என்றுதான் சொல்வோம். பகல் முழுக்க ஒரு பிவிசி குழாய்க்குள் கிடக்கும், விளக்கை அணைத்த பிறகுதான் வெளியே வரும். கூடவே ஆறு கோரிடோராஸ், சுருக்கமாகக் கோரி; தரையில் மேயும் சின்னக் கெளுத்திகள். ஒரு நாள் இரவு எல்லோருக்குமாகச் சேர்த்து மூழ்கும் பெல்லட்டை (உருண்டைத் தீனியை) டீஸ்பூன் நிறைய அள்ளிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பெரியவன் குழாயின் வாசலில் நிற்கிறது. தலை உள்ளே போயிருந்தது, வயிறு போகவில்லை. கோலிக்குண்டை விழுங்கியது போல இரண்டு பக்கமும் புடைத்து, குழாயின் விளிம்பில் முட்டிக்கொண்டு, பின்னால் வரவும் மனமில்லாமல் அப்படியே நின்றது. கோரிகள் ஒரு ஓரத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

எனக்கு அன்று உறைத்தது கோரிகளின் வயிறுதான். ஒரு மீன் அதிகமாகத் தின்கிறது என்றால், அதே தொட்டியில் இன்னொரு மீன் பட்டினி கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யாத எந்த வழியும் அரைகுறைதான். அந்தக் கண்ணோடுதான் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோட்டிருக்கிறேன்.

கெளுத்தியின் பெருந்தீனியைக் கெட்ட பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அதன் உடம்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மீசையில் மட்டுமில்லாமல் தோல் முழுக்கச் சுவை அரும்புகள் உண்டு. வட அமெரிக்காவின் சானல் கெளுத்தியின் உடம்பில் இவை ஒரு லட்சத்துக்கும் மேல். நாக்கையே உடம்பாகப் போர்த்திக்கொண்டு நீந்தும் ஒரு பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் தீனி கரைந்த நொடியே அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம், ரஃபேலும் பிக்டஸ் என்ற இன்னொரு கெளுத்தியும் பிறந்த அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வெள்ளக் காலத்தில் தீனி கொட்டிக் கிடக்கும், நீர் வடிந்ததும் சுருங்கிவிடும். கிடைக்கும்போது நிரப்பிக்கொள்கிற வயிறுதான் அங்கே பிழைக்கும். நம் தொட்டியிலோ தினமும் வெள்ளக் காலம். ஆகவே ‘போதும் என்று தானாக நிறுத்திக்கொள்ளும்’ என்று காத்திருக்க முடியாது. அதன் பசியை மாற்ற நம்மால் ஆகாது. தீனி யாருக்கு, எங்கே, எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் வயிற்றைப் பார்த்துப் பழகுங்கள்

சாப்பிட்ட இரவில் வயிறு உருண்டு நிற்பது நோயில்லை. பெரும்பாலான கெளுத்திகளுக்கு நன்றாக விரியக்கூடிய இரைப்பை உண்டு. ஒன்றிரண்டு நாளில் தானே வடிந்துவிடும். வடியாமல் மூன்று நான்கு நாள் அப்படியே நின்றால், மீன் மிதக்கத் தொடங்கினால், செவுள் வேகமாக அடித்தால், கழிவே போகாமல் இருந்தால் விஷயம் வேறு.

இங்கே ஒரு ஏமாற்றம் இருக்கிறது. உடம்பில் நீர் கோத்தால் செதில்கள் தூக்கி நிற்கும் என்று எல்லா மீன் வளர்ப்பாளர்களும் படித்திருப்போம். ரஃபேல், பிக்டஸ், சினோடோன்டிஸ் போன்ற கெளுத்திகளுக்குச் செதிலே கிடையாது, தூக்கி நிற்க எதுவும் இல்லை. அந்த அடையாளத்துக்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கண் பிதுங்கியிருக்கிறதா, வீக்கம் வயிற்றோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். தீனி வயிறு செவுளுக்குப் பின்னால் தொடங்கி நடுவில் உருண்டு வாலை நோக்கிச் சட்டென்று ஒடுங்கும். நீர் வீக்கத்தில் அந்த ஒடுக்கம் இருக்காது. வயிற்றில் முட்டை சுமக்கும் பெண் மீனும் மேலிருந்து பார்க்கப் பருத்துத் தெரியும். ஆனால் அந்தப் பருமன் ஒரே இரவில் வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது, மிச்சம் எதுவும் அழுகாது, அதனால் தண்ணீர் சுத்தம்’ என்று நானும் நம்பியிருந்தேன். மீன் தின்ற புரதத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்குத்தான் வருகிறது. மீனின் வயிற்றுக்குள் போனாலும், தரையில் கிடந்து அழுகினாலும் ஃபில்டருக்கு வேலை வேலைதான். பெருந்தீனிக்கு மறுநாள் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

எல்லோருக்கும் அளவைக் குறைப்பது

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான். கெளுத்தி தனியாக இருக்கிற தொட்டியில் இது ஒன்றே போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். கூட்டுத் தொட்டியில் நேர் எதிராக வேலை செய்யும். 20 பெல்லட் போடுகிறீர்கள், பெரியவன் 15 தின்கிறது, மற்றவை 5 தின்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 ஆகக் குறைத்தால் பெரியவன் 11 தின்னும், மற்றவற்றுக்கு ஒன்று மிஞ்சும். வெட்டு விழுவது முந்திக்கொள்ளத் தெரியாதவன் தலையில். நான் மூன்று வாரம் இப்படிச் செய்து, கோரிகளை மெலியவைத்ததுதான் மிச்சம்.

அதற்காக அளவே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நாம் போடும் அளவு பெரும்பாலும் மிக அதிகம். வேகமாக வளர வேண்டிய பண்ணைக் கெளுத்திக்கே ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான் தீவனம். வளர்ந்து முடித்த தொட்டி மீனுக்கு 1 சதவீதமே தாராளம். 50 கிராம் எடையுள்ள கெளுத்திக்கு அது அரை கிராம். நான் அன்று போட்ட நிறை டீஸ்பூன் 2 கிராமைத் தாண்டும். சமையலறைத் தராசு அரை கிராமைக் காட்டாது என்றால், 5 கிராம் நிறுத்து அதில் எத்தனை பெல்லட் என்று ஒரு முறை எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் எப்போதும் எண்ணித்தான் போட வேண்டும். சிட்டிகை, ஸ்பூன், கைக்கணக்கு எல்லாம் பெருந்தீனி மீனிடம் செல்லாது.

பட்டினி நாள் விடுவது

வளர்ந்த, ஆரோக்கியமான கெளுத்தி ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள் தீனி நிறுத்தினால் குடல் காலியாகும், தண்ணீரும் தேறும். பெருந்தீனி நடந்த மறுநாளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் எதுவும் போடாமல், காற்றோட்டத்தை மட்டும் கூட்டி வைத்தால் போதும். வயிறு நிறைந்த மீனுக்குச் செரிப்பதற்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். உப்பையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். செதில் இல்லாத தோலுக்குப் பல மருந்துகள் ஒத்துக்கொள்ளாது.

ஆனால் இதை மட்டுமே நம்பினால் பழைய சிக்கல் திரும்பிவரும். பட்டினி முடிந்த இரவில் பெரியவன் இரண்டு மடங்கு வேகத்தில் தரையை வழித்துவிடும். குஞ்சுகளுக்கும், ஏற்கெனவே மெலிந்த கோரிக்கும், நாள் முழுக்கப் பாசியைச் சுரண்டியே வாழும் பிளெக்கோவுக்கும் பட்டினி நாள் பொருந்தாது. தொட்டியில் கெளுத்தியின் வாய்க்குள் அடங்குகிற சிறு மீன் இருந்தால் பட்டினி போடுவதே ஆபத்து. நியான் டெட்ரா ஒவ்வொன்றாகக் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கோரி போனால் இரண்டு உயிரும் சேர்ந்து போகும். கோரியின் துடுப்பு முட்கள் விரிந்து பூட்டிக்கொள்ளும், விழுங்கிய மீனின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

நேரத்தைப் பிரிப்பது

கோரிக்கும் டெட்ராவுக்கும் பகலில், கெளுத்திக்கு இரவில். கேட்க நன்றாக இருக்கிறது, தொடக்கத்தில் நன்றாகவும் நடந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் பெரியவன் பகலிலேயே குழாயிலிருந்து மீசையை நீட்டத் தொடங்கியது. மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் வெளியே வந்துவிடும். உடம்பெல்லாம் சுவை அரும்பு உள்ளவனிடம் நேரத்தை எத்தனை நாள் மறைக்க முடியும்? வெட்கம் விடாத சில கெளுத்திகளிடம் இது நீடிக்கலாம். பிக்டஸிடம் முதல் நாளிலிருந்தே வேலைக்கு ஆகாது. பசித்தால் பகலும் அதற்கு ஒன்றுதான். தானியங்கித் தீனிப் பெட்டியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். தினம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொட்டினால் முதலில் வந்து நிற்கக் கற்றுக்கொள்வது பெருந்தீனிதான்.

முதலில் அதன் பங்கை எண்ணிக் கொடுப்பது

நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முந்திக்கொள்பவனுக்கு முதலில் கொடுத்து, ஒரு மூலையில் கட்டிப்போட வேண்டும்.

அதற்கு இரண்டு விரல் அகலமுள்ள, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய் ஒன்று போதும். மேல் நுனி தண்ணீருக்கு வெளியே, கீழ் நுனி பெரியவனின் வீட்டு வாசலுக்கு நேராக, தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில். பெல்லட்டை மேலிருந்து போட்டால் எங்கும் சிதறாமல் நேராக அதன் மீசைக்கு முன்னால் போய் விழும். முதல் இரண்டு இரவு குழாயைப் பார்த்து மிரண்டது. மூன்றாம் இரவு மீசையைக் குழாயின் வாயில் வைத்துக் காத்திருந்தது.

போடுவதற்கு முன் பெல்லட்டை ஊறவைத்துவிடுங்கள். ஏன் என்று தெரிய, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடத்தில் விளிம்பு மழுங்கி, மேல்பரப்பு வெடித்து, பக்கத்தில் வைத்திருக்கும் காய்ந்த பெல்லட்டைவிடப் பருத்து நிற்கும். எல்லா வகையும் ஒரே அளவு ஊதாது, ஆனால் ஊதுகிற வகையாக இருந்தால் அது டம்ளரிலேயே ஊதி முடியட்டும். அவசரமாக விழுங்கிய காய்ந்த பெல்லட் வயிற்றுக்குள் போய் ஊதினால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று குழாய் வாசலில் பார்த்தேன்.

பெரியவன் தன் பங்கில் வாய் வைத்த அதே நிமிடம், தொட்டியின் எதிர்க் கோடியில் கோரிகளுக்குத் தூவ வேண்டும். அங்கே பெரிய பெல்லட் கூடாது. மிகச் சிறிய மூழ்கும் குருணையாகப் போட்டு மணல் மீது பரவலாக விழச் செய்யுங்கள். கோரிக்கு மணலைச் சலித்துத் தின்னும் வாய். பெரிய வாய்க்காரனுக்குப் பொடிப்பொடியாகப் பொறுக்குவது லாபமில்லாத வேலை. அது தன் மூலையை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரும்போது, கோரிகள் பாதிக்கு மேல் தின்று முடித்திருக்கும். மிஞ்சியதில் கொஞ்சம் அதற்கும் போகும். போகட்டும், அதையும் கணக்கில் வைத்து மறுநாள் ஒரு பெல்லட்டைக் குறைத்துவிடுவேன்.

இதில் உள்ள குறை, ஆள் வேண்டும். தினமும் பத்து நிமிடம் தொட்டிக்கு முன் நிற்க வேண்டும். அது முடியாத வாரங்களில் தினம் அரைகுறையாகச் செய்வதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒழுங்காகச் செய்வது மேல். ஐந்தாறு பிக்டஸ் கூட்டமாக இருக்கும் தொட்டியிலும் இது நடக்காது. அவை ஒரு மூலையில் நிற்காது, தொட்டி முழுக்கச் சுற்றிவரும். அங்கே பல இடங்களில் ஒரே நேரத்தில் தூவுவதுதான் ஓரளவு கைகொடுக்கும்.

வலையும் தடுப்பும்

சிறு மீன் மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு ஒரு பெட்டியோ கற்குவியலோ வைத்து, உள்ளே தீனி போடுவது இன்னொரு வழி. கெளுத்திக்கும் மற்றவற்றுக்கும் உடல் பருமனில் பெரிய வித்தியாசம் இருந்தால் இது அழகாக வேலை செய்யும், ஆளும் நிற்க வேண்டியதில்லை. எனக்குப் பயமாக இருப்பது முள். ரஃபேலின் பக்கத் துடுப்பு முள் ரம்பம் போல இருக்கும், வலைக் கண்ணில் மாட்டினால் பின்னால் இழுக்க வராது. தலை நுழைந்து உடம்பு நுழையாத இடைவெளி அதைவிட மோசம். வலை, கம்பி வேண்டாம். மழுங்கிய விளிம்புள்ள தட்டைக் கற்களை அடுக்கி, கோரி தாராளமாகப் போகிற, கெளுத்தியின் தலைகூட நுழையாத உயரத்தில் இடைவெளி விடுங்கள்.

தீனியை மாற்றிப் பார்ப்பது துணைக்கு நல்லது. ரஃபேல் காட்டில் நத்தையும் இறாலும் கரிமக் கழிவும் கலந்து தின்கிற மீன். ஓட்டோடு உள்ள சிறு இறால், தாவரச் சேர்க்கை உள்ள வேஃபர் ஆகியவற்றை இடையிடையே கொடுத்தால், வயிறு நிறைந்தாலும் கொழுப்பு அவ்வளவு ஏறாது. மாட்டிறைச்சி, கோழி போன்ற நிலத்து விலங்குக் கொழுப்பை மீன் உடம்பு சரியாகக் கையாளாது, கல்லீரலில் போய்ச் சேரும். உயிருள்ள தங்கமீனைத் தீனியாகப் போடுவதையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1 ஐ அழித்துவிடும், நோயும் கூடவே வரும்.

எப்போது பிரித்தே ஆக வேண்டும்

தொட்டியில் உள்ள ஏதாவது ஒரு மீன் கெளுத்தியின் வாய்க்குள் அடங்குமென்றால், மேலே சொன்ன எதையும் முயலாமல் பிரித்துவிடுங்கள். அங்கே நடப்பது இரை பிடிப்பு, தீனிக் கட்டுப்பாட்டால் அதை நிறுத்த முடியாது. கல்ப்பர் கெளுத்தி தன் உடம்பளவு மீனையே விழுங்கக்கூடியது. சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். குட்டியாக இருக்கும்போது அடக்கமாகத்தான் தெரியும். நான்கு வாரம் எண்ணிக் கொடுத்தும் கோரிகள் மெலிந்துகொண்டே போனாலும் பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிப்பது என்றால் இன்னொரு தொட்டி, இன்னொரு ஃபில்டர், இன்னொரு ஹீட்டர். புது ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைப் பாதி வெட்டிப் புதியதில் வையுங்கள். தொட்டிக்கு நடுவில் தடுப்பு வைப்பது தற்காலிகத்துக்குச் சரி. இரவு முழுக்கத் தரையில் அலைகிற மீனுக்குப் பாதி இடத்தை வெட்டி நிரந்தரமாக விட எனக்கு மனம் வரவில்லை.

மாற்றும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வயிறு முட்டத் தின்ற கெளுத்தியைத் துரத்திப் பிடித்தால் தின்றதை அப்படியே கக்கிவிடலாம், தண்ணீரும் கெடும். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு, வலைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடிப் பிடியுங்கள். குழாய்க்குள் இருந்தால் இன்னும் வசதி, இரண்டு முனையையும் பொத்தி அப்படியே தூக்கிவிடலாம். வலையில் முள் மாட்டிவிட்டால் மீனை இழுக்கக் கூடாது, வலையைக் கத்தரியுங்கள். பிடிக்கும்போது ரஃபேல் ‘கிரீச்’ என்று சத்தம் போடும். அதற்குப் பயந்து கைவிட்டுவிட வேண்டாம்.

என் தொட்டியில் பிரிக்க வேண்டிய நிலை வரவில்லை. எண்ணிக் கொடுத்து, ஞாயிறும் வியாழனும் பெரியவனுக்கு மட்டும் பட்டினி. அந்த இரண்டு நாளும் கோரிகளுக்குப் பகலில், அது அசந்து கிடக்கும் நேரத்தில், ஒரு சிட்டிகைக் குருணை. பகல் நேரத்தை இப்படி அபூர்வமாகப் பயன்படுத்தினால் அது பழகிக்கொள்வதில்லை என்பதையும் கவனித்தேன். கோரிகளின் வயிறு இப்போது பக்கவாட்டில் லேசாக உருண்டு தெரிகிறது.

அந்தப் பிவிசி குழாயைத்தான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன். காலையில் உடம்பு முழுக்க உள்ளே போயிருந்தால் அன்றிரவு வழக்கமான கணக்கு. வயிறு விளிம்பில் உரசினால் பாதி. வெளியே நின்றால் அன்று எதுவும் கிடையாது. மீன் வளரும்போது இந்த அளவுகோல் பொய் சொல்லும் என்பதால், மாதம் ஒரு முறை மேலிருந்து படம் எடுத்து, தலையின் அகலத்தையும் வயிற்றின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தலையே குழாயை உரசத் தொடங்கினால் பெரிய குழாய் வாங்க வேண்டியதுதான்.